கூடம் கோணலா என்றும் ஒரு தடவை பார்ப்போம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று ஒரு பழமொழி உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் இதை ஆசிரியர் அறையிலும் விளையாட்டு மைதானத்திலும் கேட்டு வந்திருக்கிறேன். தோற்றுவிட்டு வந்த பிள்ளை ஏதாவது காரணம் சொல்ல வாயைத் திறந்தால், அதை மூடுவதற்குக் கைவசம் உள்ள பூட்டு இதுதான். எனக்கு இந்தப் பழமொழி மேல் ஒரு வழக்கு உண்டு. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வது? ஒருவராவது எழுந்து போய்க் கூடத்தைப் பார்த்தார்களா?

கூடம் கோணலா, எவ்வளவு கோணல், எந்த இடத்தில் கோணல் என்று அளந்து எழுதி, ஆட வருகிறவர் கையில் முன்கூட்டியே கொடுக்கிற ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறது. அதன் பெயர் டென்பின் பவுலிங். நம் தூத்துக்குடியில் இதற்கான கூடத்தை நான் பார்த்ததில்லை. சென்னை போன்ற பெரிய ஊர்களின் வணிக வளாகங்களில் பார்த்திருப்பீர்கள். மூன்று துளை போட்ட கனத்த பந்தை உருட்டி, கடைசியில் முக்கோணமாக நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். சினிமாவில் பணக்காரப் பிள்ளைகள் ஆடுவதாகக் காட்டுவார்கள். ஆனால் 1978இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே இடம் பிடித்த ஆட்டம் இது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாகவும் நடந்தது. நம் சென்னையைச் சேர்ந்த ஷபீர் தன்கோட் இதில் பல முறை தேசிய சாம்பியன்.

மகள் குடும்பத்தோடு சென்னையில் ஒரு முறை அந்தக் கூடத்துக்குப் போனபோதுதான் எனக்கு இதில் ஆர்வம் வந்தது. பேத்தி உருட்டிய பந்து நேராகப் போனது. பக்கத்துத் தடத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒரு வாலிபர் உருட்டிய பந்தோ, வலது ஓரமாகவே வழுக்கிப் போய், விழப்போகிறது என்று நினைக்கும்போது சடாரென்று இடது பக்கம் திரும்பிக் கட்டைகள் நடுவே புகுந்தது. பந்துக்குள் ஏதோ வித்தை இருக்கிறது என்று பேத்தி சொன்னாள். பந்திலும் வித்தை உண்டுதான். பாதி வித்தை தரையில் இருந்தது. அங்கே வேலை பார்த்த பையனிடம் கேட்டேன். "எண்ணெய் போட்டிருக்கோம் சார்" என்றான். அதன்பிறகு வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். அறிவியல் பாடம் எடுத்த பழக்கம் விடுமா?

அந்தத் தடம் ஆட்டக்காரர் நிற்கும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி நீளம். அகலத்தில் 39 பலகைகள். இதன் மேல் இயந்திரத்தை ஓட்டி மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போடுகிறார்கள். ஆரம்பத்தில் மரத்தைப் பாதுகாக்கத்தான் எண்ணெய் பூசினார்கள். பிறகு அதுவே ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கும் விஷயமாகிவிட்டது. ஒரு தடத்துக்குச் சுமார் 20 முதல் 30 மில்லி. இரண்டு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கடைசி வரை இருக்காது. ஏறக்குறைய 40 அடியோடு நின்றுவிடும். மிச்சத் தூரம் உலர்ந்த தரை. பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் ஒரே பளபளப்புதான்.

நம் சங்குகுளிக்காரர்களுக்கு இது உடனே விளங்கும். மேலே நின்று பார்த்தால் கடல் ஒரே கடல்தான். அடியில் எங்கே பார், எங்கே மணல் என்பது முங்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இனி கொஞ்சம் பாடம். எட்டாம் வகுப்பில் உராய்வு படித்தது ஞாபகம் இருக்கிறதா? எண்ணெய் மேல் பந்துக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.04. உலர்ந்த பகுதியில் அது 0.2 அளவுக்கு ஏறுகிறது. ஐந்து மடங்கு வித்தியாசம். தேர்ந்த ஆட்டக்காரர் பந்தை விடும்போது விரலால் பக்கவாட்டுச் சுழற்சி கொடுத்து விடுவார். எண்ணெய் மேல் பந்து சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் அந்தச் சுழற்சிக்குத் தரையில் பிடி கிடைக்காது. நம் உப்பளத்துச் சேற்றில் லாரிச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுற்றும், வண்டி திரும்பாது. தார்ச்சாலையில் ஏறியதும் சட்டென்று பிடிக்கும். பந்தும் அப்படித்தான். எண்ணெய் முடிந்து உலர்ந்த இடம் வந்ததும் பிடி கிடைத்து வளைகிறது. பிறகு ஒரே சீராக உருண்டு போய்க் கட்டைகளைத் தாக்குகிறது. வழுக்கல், வளைவு, உருளல் என்று மூன்று கட்டம். எல்லாம் சேர்த்து இரண்டரை, மூன்று விநாடிதான்.

எண்ணெயின் நீளம் மாறினால் ஆட்டமே மாறிவிடும். 33, 34 அடியோடு எண்ணெய் நின்றால் பந்து சீக்கிரமே பிடித்து, அதிகமாக வளைந்து, இலக்கைத் தாண்டிப் போய்விடும். அதனால் ஓரத்தை ஒட்டி விட வேண்டும். பிடிப்புக் குறைந்த பந்தை எடுக்க வேண்டும். 44, 45 அடி வரை எண்ணெய் இருந்தால் வளைவதற்கு மிச்சத் தூரமே இல்லை. அப்போது உள்ளே தள்ளி, நேர்க்கோட்டை ஒட்டி விட வேண்டும். மேற்பரப்பைச் சொரசொரப்பாகத் தேய்த்த, பிடிப்பு அதிகமான பந்து வேண்டும். எண்ணெயின் நீளத்திலிருந்து 31ஐக் கழித்தால், பந்து எண்ணெயை விட்டு வெளியேறும்போது ஓரத்திலிருந்து எத்தனையாவது பலகையில் இருக்க வேண்டும் என்று தோராயமாகக் கிடைக்கும். 40 அடி என்றால் ஒன்பதாவது பலகை. 45 என்றால் பதினாலாவது. மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு.

பந்திலும் இனங்கள் உண்டு. பாலியெஸ்டர் பந்து வழவழப்பு. எந்தத் தரையிலும் நேராகப் போகும். யூரித்தேன் பந்து சீராக, அடக்கமாக வளையும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பந்து எண்ணெயில் வழுக்கி, உலர்ந்த இடத்தில் வேகமாகத் திரும்பும். அது எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சவும் செய்யும். அதனால் ஆட ஆட, பந்து போய்வந்த தடத்தில் எண்ணெய் குறைந்துகொண்டே வரும். முதல் ஆட்டத்தில் சரியாகப் போன பந்து மூன்றாவது ஆட்டத்தில் முன்னதாகவே வளைய ஆரம்பிக்கும். கை மாறவில்லை, பந்து மாறவில்லை, தரை மாறிவிட்டது. நல்ல ஆட்டக்காரர் அதைக் கவனித்து, நிற்கும் இடத்தை இரண்டு பலகை நகர்த்திக்கொள்வார்.

இன்னொரு விஷயமும் உண்டு. பொழுதுபோக்குக்கு ஆட வருகிறவர்களுக்காகப் போடும் பூச்சில் நடுவில் எண்ணெய் மிக அதிகமாகவும் ஓரங்களில் மிகக் குறைவாகவும் இருக்கும். நடுப்பகுதியில் ஓரத்தைப்போல் பத்து மடங்குகூட இருக்கலாம். இதில் பந்து ஓரம் தவறிப் போனால் உலர்ந்த தரை அதைத் திருப்பிக் கொண்டுவரும். உள்ளே தவறினால் எண்ணெய் அதை அதிகம் வளையவிடாமல் தாங்கும். தவறுக்கு மன்னிப்பு உண்டு. பெரிய போட்டிகளுக்கான பூச்சில் அந்த வித்தியாசம் மூன்று, நான்கு மடங்குக்குள் அடங்கிவிடும். அங்கே மன்னிப்பு கிடையாது. தங்கள் ஊர்க் கூடத்தில் 200 எடுக்கிறவர்கள் அங்கே போய்த் தடுமாறுவது வாடிக்கை. ஒரே ஆள், ஒரே பந்து, ஒரே கை. ஆனால் அந்த ஊரில் யாரும் அவரைப் பார்த்து, "உனக்கு ஆடத் தெரியவில்லை" என்று முதலில் சொல்வதில்லை. "பூச்சு என்ன, எத்தனை அடி?" என்றுதான் கேட்கிறார்கள்.

முறையான போட்டிகளில் பூச்சின் நீளம், அளவு, எந்தப் பலகையிலிருந்து எந்தப் பலகை வரை எவ்வளவு என்பதையெல்லாம் ஒரு தாளில் போட்டுக் கொடுக்கிறார்கள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் பூச்சுகளுக்கு ஓநாய், சிறுத்தை, தேள், சுறா என்று விலங்குகளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஓநாய் என்றால் குட்டை, சுறா என்றால் நீளம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் தொடங்குமுன் உருட்டிப் பார்க்க நேரமும் தருகிறார்கள். அதற்குமேல் தோற்றால் அது உன் பாடு. இதுதான் நியாயம்.

இதை எதற்கு முத்துக்குளித்துறையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன்? நம் பள்ளிகளில் இதே அறிவியல் தினமும் நடக்கிறது. கேரம் போர்டைச் சொல்கிறேன்.

கேரமுக்குத் தமிழ்நாடு தாய்வீடு என்றே சொல்லலாம். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் உருவானது. 1991லும் 1995லும் உலக சாம்பியனான மரிய இருதயம் நம் ஆள். கேரமுக்காக 1996ஆம் ஆண்டு அர்ஜுனா விருது பெற்றவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் இப்போது கேரம் சேர்ந்திருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளை, பெரிய மைதானமோ விலை உயர்ந்த காலணியோ இல்லாமல், உலக சாம்பியன் ஆகக்கூடிய விளையாட்டு இது.

பவுலிங்கில் எண்ணெய் செய்யும் வேலையை இங்கே பவுடர் செய்கிறது. ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். காய் ஒன்று 5 முதல் 5.5 கிராம். ஸ்டிரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இவ்வளவு சின்னப் பொருள்கள் சறுக்கும் இடத்தில் பவுடர் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஆட்டம் வேறு. நல்ல உலர்ந்த பவுடரில் ஸ்டிரைக்கர் மிதந்துகொண்டு போகும். மெதுவாகத் தட்டினாலே போதும். பவுடர் ஈரம் ஏறிக் கட்டி தட்டிவிட்டால் ஸ்டிரைக்கர் இழுத்துக்கொண்டு நிற்கும். மூன்று பங்கு பலத்தோடு அடிக்க வேண்டும். எதிர்க்கட்டையில் பட்டுத் திரும்பி வந்து எடுக்க வேண்டிய காய் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

நம் ஊரின் உப்புக் காற்றை நான் சொல்லவா வேண்டும்? ஜன்னல் கம்பியையும் சைக்கிள் செயினையும் அரிக்கும் காற்று கேரம் போர்டை மட்டும் விட்டுவைக்குமா? ஐப்பசி, கார்த்திகையில் பவுடர் டப்பாவுக்குள்ளேயே பிசுபிசுக்கும். பள்ளியில் போர்டை எங்கே வைப்போம்? பீரோவுக்குப் பின்னால், சுவரில் சாய்த்து. ஒரே வருடத்தில் ஒட்டுப்பலகை ஈரம் குடித்து நடுவில் உப்பிவிடும். பவுடர் தீர்ந்தால் வாங்கக் காசு இருக்காது. பிள்ளைகள் வீட்டிலிருந்து முகப்பவுடர் கொண்டுவருவார்கள். வாசனை நன்றாக இருக்கும், காய் நகராது.

அப்படி ஒரு போர்டில் பழகிய பிள்ளை ஒருத்தி எங்கள் பள்ளியில் இருந்தாள். எட்டாம் வகுப்பு. அப்பாவுக்கு வள்ளத்தில் கூலி வேலை. உப்பிய போர்டில், முகப்பவுடரில், அந்தப் பிள்ளை எடுத்த காய்களைப் பார்த்து நானே அசந்திருக்கிறேன். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று விரலுக்குத் தெரியும். ஒரு போட்டிக்கு அழைத்துப் போனோம். எந்தப் போட்டி, எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். அங்கே புத்தம்புது போர்டு, கண்ணாடி மாதிரி. முதல் அடியிலேயே ஸ்டிரைக்கர் காயோடு சேர்ந்து குழிக்குள் போய்விட்டது. ஃபைன். இரண்டாவது தடவையும் அதே. என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், போர்டு ரொம்ப வழுக்குது. நம்ம போர்டு மாதிரி இல்ல" என்றாள். இரண்டு நிமிடம் தட்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். நேரம் இல்லை என்றார்கள். கால் மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது. அங்கிருந்த ஒருவர் அந்தப் பழமொழியைச் சொல்லிச் சிரித்தார். கூடவே, "கடற்கரைப் பிள்ளைகளுக்கு வேகம் உண்டு, பொறுமை கிடையாது" என்றார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு நான் அந்த போர்டில் ஸ்டிரைக்கரை முழு பலத்தோடு ஒரு முறை அடித்துப் பார்த்தேன். இந்தக் கட்டைக்கும் அந்தக் கட்டைக்குமாக மூன்றரை முறை போய்வந்தது. சர்வதேச விதிகள் கேட்பதும் அதைத்தான். 15 கிராம் ஸ்டிரைக்கர் முழு பலத்தில் அடித்தால் மூன்றரை முறை போய்வர வேண்டும். ஆக, அந்த போர்டு சரியான போர்டு. மறுநாள் எங்கள் பள்ளி போர்டில் அதே மாதிரி அடித்தேன். ஒன்றரை முறையோடு நின்றுவிட்டது. பொறுமைக் குறைவு என்று அவர்கள் சொன்னது இந்த இரண்டு முறை வித்தியாசத்தைத்தான். அதை அளக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த வருடம் பெயர் கொடுக்கச் சொன்னேன். "வேண்டாம் சார். நமக்குத்தான் பொறுமை இல்லையாமே" என்றாள். அதன்பிறகு அவள் போர்டு பக்கம் வரவே இல்லை.

இதைப் படிக்கும் சிலர் உடனே கேட்பீர்கள். "நல்ல ஆட்டக்காரன் என்றால் எந்தத் தரையிலும் ஆட வேண்டாமா? உலக சாம்பியன்களும் பழைய போர்டில் ஆடித்தானே வந்தார்கள்?" நியாயமான கேள்வி. தரையைப் படித்து அதற்கேற்ப மாறுவது பெரிய திறமை என்பதை நான் மறுக்கவே இல்லை. பவுலிங்கில் சாம்பியனைச் சாதாரண ஆளிடமிருந்து பிரிப்பதே அதுதான். ஆனால் படிப்பதற்குப் பாடம் கையில் இருக்க வேண்டும். எண்ணெயின் நீளத்தைச் சொல்லி, உருட்டிப் பார்க்க நேரமும் கொடுத்த பிறகுதான் அங்கே சோதனை தொடங்குகிறது. நாம் இரண்டையும் கொடுக்காமல் மதிப்பெண் மட்டும் போடுகிறோம். அதிலும் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். வசதியான பள்ளியில் விதிப்படியான போர்டு இருக்கும். அந்தப் பிள்ளைக்குப் போட்டிக்கூடமும் வீட்டுக்கூடமும் ஒன்று. உப்பிய போர்டில் பழகிய பிள்ளை மட்டும்தான் ஒரே நாளில் தரையையும் எதிராளியையும் சேர்த்து ஜெயிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் என் கோரிக்கைகள் சில. பெரிய செலவு எதுவும் இல்லை.

ஒன்று. பள்ளி அளவிலோ வட்டார அளவிலோ, எந்தக் கேரம் போட்டியிலும் ஆட்டத்துக்கு முன் இரு பக்கமும் ஐந்து நிமிடம் தட்டிப் பார்க்க விடுங்கள். சர்வதேச விதிகளிலேயே முன்னோட்டத்துக்கு இடம் உண்டு. இது சலுகை இல்லை.

இரண்டு. எந்த வகை போர்டு, எந்தப் பவுடர் என்பதைப் போட்டி அறிவிப்புச் சுற்றறிக்கையிலேயே ஒரு வரியில் எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பவுடரில் ஒரு பொட்டலத்தைப் பள்ளிகளுக்கு முன்கூட்டியே அனுப்புங்கள்.

மூன்று. பள்ளியில் வருடத்துக்கு ஒரு முறையாவது மூன்றரை முறைச் சோதனையைச் செய்து பாருங்கள். இதை அறிவியல் பாடத்திலேயே செய்யலாம். உராய்வு அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல செயல்பாடு எனக்குத் தெரியவில்லை. மழைக்காலத்தில் ஒன்று, சித்திரை வெயிலில் ஒன்று என்று இரண்டு முறை அளந்து பிள்ளைகளே பட்டியல் போடட்டும்.

நான்கு. போர்டைச் சுவரில் சாய்க்காமல் படுக்க வையுங்கள். துணி போட்டு மூடுங்கள். பவுடரை மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். கேரமுக்கு விற்கும் பவுடரில் போரிக் அமிலமும் உண்டு. பிள்ளைகள் அதை வாயால் ஊதுவதையும், ஆடிய கையோடு சாப்பிடுவதையும் தடுங்கள்.

ஐந்து. பழைய மாணவர்களே, பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆண்டுவிழா மேடையில் பேசுகிறீர்கள். விதிப்படியான ஒரு போர்டு வாங்கிக் கொடுங்கள். அதன் பின்புறம் உங்கள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

பழமொழியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சும்மா சாக்கு சொல்லும் பிள்ளைகளும் உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். சாக்கா, உண்மையா என்று தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான். எழுந்து போய்க் கூடத்தைப் பாருங்கள். கோணல் இல்லை என்றால், "இல்லை, நீதான் இன்னும் பழக வேண்டும்" என்று பிள்ளையிடம் தைரியமாகச் சொல்லலாம். அந்தப் பிள்ளையும் ஏற்றுக்கொள்ளும்.

இப்போதும் பணியில் இருக்கும் ஆசிரியத் தோழர்கள் நாளைக்கே உங்கள் பள்ளி போர்டில் ஸ்டிரைக்கரை ஒரு முறை அடித்துப் பார்த்து, எத்தனை முறை போய்வந்தது என்று கீழே எழுதுங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகப் போட்டு, அடுத்த போட்டிக்கு முன் உரியவர்களிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.